போட்டோவுக்கு பார்டர் போட எந்த சாப்ட்வேர்? சித்தி முழங்கையை தொலைச்சவனோட ரிவ்யூ

போன மாசம் அக்கா ஒரு ஃபோல்டர் அனுப்பினா. தொறந்து பாத்தா 214 போட்டோ. "டேய், எல்லாத்துக்கும் அழகா ஒரு பார்டர் போட்டு குடுடா, பிரிண்ட் எடுத்து ஆல்பம் பண்ணப்போறேன், உனக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமே"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வேற. பார்டர்தானே, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு நெனச்சு சரின்னுட்டேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல இறக்கிப் பாத்தது, அடுத்த நிமிஷமே அழிச்சது, கடைசில கம்ப்யூட்டர்லயே தங்கிட்டது எல்லாத்தையும் பத்திதான் இந்த ரிவ்யூ. யாரும் காசு குடுத்து எழுத சொல்லல, குடுத்தா வாங்கிக்குவேன், ஆனா குடுக்கல.

முதல்ல போன்லயே முடிச்சிரலாம்னு பாத்தேன். தேடினதும் மேல வந்து நின்ன ஒரு ஃப்ரேம் ஆப்பை இறக்கினேன், பேர் எதுக்கு, அதே அச்சுல நூறு கெடக்கு. ரோஜாப்பூ ஃப்ரேம், இதயம் ஃப்ரேம், தங்க கலர் ஃப்ரேம்னு கொட்டி வெச்சிருந்தான். ஒரு குரூப் போட்டோ எடுத்தேன், பதினோரு பேர் நிக்கறாங்க, இடது ஓரத்துல சித்தி. ரோஜாப்பூ ஃப்ரேமை தட்டினேன், ஆஹான்னு இருந்துச்சு, சேவ் பண்ணி குடும்ப குரூப்ல போட்டுட்டேன். அஞ்சு நிமிஷத்துல சித்தி கேக்கறாங்க, "என் கை எங்கடா?" பெருசு பண்ணி பாத்தா சித்தியோட முழங்கை, ஹேண்ட்பேக், பாதி தோள் எல்லாம் ரோஜாவுக்குள்ள போயிருச்சு. வலது பக்கம் மாமாவுக்கு ஒரு காது இல்ல. அதோட நிக்கல, 4000க்கு 3000 பிக்ஸல் இருந்த போட்டோ வெளிய வரும்போது அகலம் 1080, கீழ மூலைல ஆப்போட பேரு. ஆப்னு இறக்கினேன், ஆப்பா வெச்சுட்டான்.

அன்னிக்குதான் ஒண்ணு மண்டைல ஏறுச்சு. பார்டர் போடறதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு போட்டோ மேல ஏறி உக்காரும், ஓரத்துல இருக்கறதை முழுங்கும். இன்னொண்ணு போட்டோவை தொடவே தொடாது, காகிதத்தை பெருசாக்கி வெளிப்பக்கம் வரும். 4000 அகலம் உள்ள போட்டோவுக்கு பக்கத்துக்கு 150 பார்டர்னா வெளிய வர்ற ஃபைல் 4300 இருக்கணும், 4000ஆவே இருந்தா உங்க போட்டோல 300 பிக்ஸல் காலி. இதை பாக்க ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ் பாத்தா போதும். அப்புறமா வந்த ஒவ்வொரு சாப்ட்வேரையும் முதல்ல இந்த ஒரே சோதனைலதான் போட்டேன், மிச்சம் எல்லாம் அப்புறம்.

அடுத்து ஜிம்ப், கம்ப்யூட்டர்ல போட்டோ எடிட் பண்ற சாப்ட்வேர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 90கள்லேர்ந்து இருக்கு, 2025ல 3.0 வந்துச்சு. ஃபில்டர்ஸ் மெனுல டெக்கார்னு ஒரு பகுதி, அதுக்குள்ள ஆட் பார்டர். தொறந்ததும் எக்ஸ் சைஸ் 12, ஒய் சைஸ் 12, கலர் பளீர்னு ஒரு நீலம். இந்த நீலத்தை யாரு எந்த நேரத்துல செலக்ட் பண்ணாங்கன்னு தெரியல, பள்ளிக்கூட நோட்டு அட்டை மாதிரி இருக்கு. அதை விடுங்க, 12 பிக்ஸல்னா என்னன்னு பாருங்க, 4000 பிக்ஸல் போட்டோல அது நூல் அளவு கூட தெரியாது, நான் ஓகே குடுத்துட்டு ஒண்ணுமே நடக்கலன்னு நெனச்சு மறுபடி மறுபடி குடுத்து அஞ்சு பார்டர் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து கெடந்துச்சு. அதே 12 ஒரு 600 பிக்ஸல் போட்டோல போட்டா நல்லாவே தெரியும். அதனால பிக்ஸல் கணக்கை மனப்பாடம் பண்ணாதீங்க, போட்டோவோட சின்ன பக்கத்துல நூத்துக்கு மூணு நாலு பங்குன்னு வெச்சுக்கங்க, 3000 உயரம்னா 100, 120 கிட்ட. மெல்லிசும் இல்ல தடியும் இல்ல, கண்ணுக்கு சரியா உக்காருது.

அதே பெட்டில டெல்டான்னு ஒரு எண் இருக்கு, அதுல 25 இருக்கும். இது எதுக்குன்னு ரொம்ப நாள் எனக்கு புரியல. நாலு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஷேடு மாத்தி மரச்சட்டம் மாதிரி சரிஞ்ச லுக் குடுக்கறதுக்காம். வெள்ளை பார்டர் கேட்டா ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல்னு வருதே, ஜிம்ப் கெட்டுப்போச்சான்னு யோசிச்சவங்க இதை 0 ஆக்குங்க, சரியாயிரும். முக்கியமான விஷயம், இந்த ஆட் பார்டர் வெளிப்பக்கம்தான் போடுது, தனி லேயரா, அதாவது போட்டோவோட ஒட்டாத தனி அடுக்கா வேற போடுது, பிடிக்கலன்னா அந்த லேயரை மட்டும் தூக்கலாம். சித்தி சோதனைல பாஸ்.

ஆனா பக்கத்துலயே ஃபஸ்ஸி பார்டர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது உள்பக்கம் தின்னும். பழைய காகிதம் ஓரம் கிழிஞ்ச மாதிரி அழகா இருக்கும், அதுல நான் சொக்கிட்டேன், ஆனா ஓரத்துல ஆள் இருக்கற போட்டோக்கு ஆகாது. அது வேணும்னா முதல்ல இமேஜ் மெனுல கேன்வாஸ் சைஸ் போய் காகிதத்தை பெருசாக்கி, கீழ ஒரு வெள்ளை லேயர் போட்டு, எல்லாத்தையும் ஒண்ணா ஃப்ளாட்டன் பண்ணிட்டு அப்புறம் ஃபஸ்ஸி குடுங்க. அப்ப அது வெள்ளையை தின்னும், ஆளை தின்னாது. அந்த வெள்ளையே ஃபஸ்ஸி கலரோட கலந்துராம இருக்க ஃபஸ்ஸிக்கு வேற கலர் வெச்சுக்கணும், அதையும் நான் ஒரு தடவை வெள்ளையில வெள்ளையை போட்டு தேடினதுக்கு அப்புறம்தான் கத்துக்கிட்டேன். ஜிம்ப்ல ஒரே கடுப்பு, சேவ்னா அதோட சொந்த ஃபார்மேட்லதான் போடும், ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட் போகணும், புதுசா வர்றவங்க எல்லாரும் இங்க ஒரு தடவை திட்டுவாங்க. 5க்கு 4.

போட்டோஷாப் ஆபீஸ் மெஷின்ல இருந்துச்சு, ஓவர்டைம் பண்ற மாதிரி உக்காந்து பாத்தேன். அதுல பலரும் போற வழி லேயர் ஸ்டைல்ல ஸ்ட்ரோக், அதாவது ஓரத்தை சுத்தி கோடு வரையறது. போனா முதல் முட்டு, பேக்கிரவுண்ட் லேயர் பூட்டி இருக்கும், அன்லாக் பண்ணாம ஸ்டைல் ஏறாது. சரி, பண்ணியாச்சு, ஸ்ட்ரோக் பொசிஷன் அவுட்சைடு வெச்சா ஒண்ணுமே தெரியல. தெரியாது, ஏன்னா போட்டோ காகிதம் முழுக்க இருக்கு, வெளிய வரையறதுக்கு இடமே கெடையாது. இடத்தை பெருசாக்கிட்டு அவுட்சைடு போட்டா மூலை நாலும் உருண்டையா வரும். இன்சைடு போட்டா மூலை கூரா நச்சுனு வரும், ஆனா அது போட்டோவை தின்னும். அதனால பார்டருக்கு ஸ்ட்ரோக் வேணாம்ப்பா, நேரா கேன்வாஸ் சைஸ் போங்க, ரிலேட்டிவ்னு ஒரு டிக் இருக்கு அதை போடுங்க, எவ்வளவு கூடணும்னு எழுதுங்க, கீழயே கலர் கேக்கும், முடிஞ்சுது. நீங்க எழுதற எண் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து, 200 எழுதினா பக்கத்துக்கு 100. இன்னொரு குழி, யூனிட்டை பர்சென்ட்னு மாத்தி ரெண்டுலயும் 10 போட்டீங்கன்னா 4000க்கு 3000 போட்டோல இடது வலது 200, மேல கீழ 150னு கோணலா வரும், ஏன்னா அது அகலத்துல பத்து, உயரத்துல பத்துன்னு தனித்தனியா கணக்கு போடுது. நல்ல சாப்ட்வேர்தான், குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா பார்டருக்காக மட்டும் மாசாமாசம் காசு கட்றது கொசு அடிக்க பீரங்கி வாங்கற மாதிரி. அதே மெனு, அதே லேயர் எல்லாம் பிரவுசர்லயே வேணும்னா ஃபோட்டோபீ இருக்கு, ஒண்ணு ரெண்டு போட்டோக்கு அதுவே தாராளம், இன்ஸ்டால் தொல்லையும் இல்ல.

எதிர்பாக்காம மனசுல நின்னது டிஜிகேம். இது போட்டோக்களை அடுக்கி வெக்கறதுக்குன்னு பண்ண இலவச சாப்ட்வேர், ஆனா அதோட எடிட்டருக்குள்ள பார்டருக்குன்னே ஒரு டூல் ஒளிஞ்சிருக்கு. சாதா கலர், சரிவு விளிம்பு, பைன் மரம், வேற மரம், காகிதம்னு வரிசையா இருக்கு. அதுல நியெப்ஸ்னு ஒண்ணு, அகலமா ஒரு பார்டர், போட்டோவை ஒட்டி மெல்லிசா ஒரு கோடு. உலகத்துல இன்னிக்கு மிஞ்சியிருக்கற ரொம்ப பழைய கேமரா போட்டோவை 1820கள்ல எடுத்த பிரெஞ்சுக்காரர் நியெப்ஸ், அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க போல. இந்த ஒரு ஸ்டைலுக்காகவே நான் இதை அழிக்கல. வெள்ளை பார்டர், உள்ள கருப்பு கோடு, சாதாரண போன் போட்டோ கூட கண்காட்சில மாட்டின மாதிரி ஆயிருது. மர ஃப்ரேம் மட்டும் வேணாம், ஒரே டெக்ஸ்சரை திருப்பி திருப்பி ஒட்டினது அப்பட்டமா தெரியுது, டிஜிட்டல் மரம் எப்பவுமே பிளாஸ்டிக் நாற்காலி மாதிரிதான் இருக்கும். இதுல ஆஸ்பெக்ட் ரேஷியோவை (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) காப்பாத்துன்னு ஒரு டிக் உண்டு, அதை போட்டா பார்டர் அளவு பர்சென்ட்ல போகும், எடுத்தா பிக்ஸல்ல. 5க்கு 4.5, அரை மார்க் அந்த மரத்துக்காக குறைச்சேன்.

மெல்லிசு கோடுன்னதும் ஒண்ணு. கருப்பு, சாம்பல்ல கோடு போடுங்க, சிவப்புல போடாதீங்க. நான் ரெண்டு பிக்ஸல்ல சிவப்பு கோடு போட்டு ஜேபெக்கா சேவ் பண்ணா கோடு ஈரத்துல பட்ட மை மாதிரி கசிஞ்சு கெடந்துச்சு. ஜேபெக் வெளிச்சத்தை முழுசா வெச்சுக்கிட்டு கலரை பெரும்பாலும் பாதி நுணுக்கத்துலதான் வெக்கும், முகத்துலயோ வானத்துலயோ தெரியாது, மெல்லிசா ஒரு சிவப்பு கோட்டுல அப்பட்டமா தெரியும். ஜிம்ப்ல எக்ஸ்போர்ட் பண்றப்ப சப்சாம்ப்ளிங்னு ஒரு இடத்துல 4:4:4 செலக்ட் பண்ணா சரியாகும், இல்லன்னா பிஎன்ஜில போடுங்க. எப்படி போட்டாலும் சாட் ஆப்ல போட்டோவா அனுப்பினா அவன் மறுபடி அமுக்குவான், டாக்குமெண்டா அனுப்புங்க.

சரி, 214 போட்டோவையும் ஒண்ணொண்ணா பண்ண நான் என்ன வேண்டுதலா? மொத்தமா ஓட்டணும்னு கெளம்பினேன். அக்காவுக்கு போலராய்டு, அதான் எடுத்த உடனே கேமராவுலேர்ந்தே பிரிண்ட் வருமே, அந்த ஸ்டைல் வேணுமாம், மூணு பக்கம் குறுகலா, கீழ மட்டும் அகலமா. கீழ அந்த அகலம் அழகுக்கு வெச்சதுன்னு நானும் நெனச்சிருந்தேன், கெடையாது, அங்கதான் போட்டோவை கழுவற கெமிக்கல் பை ஒளிஞ்சிருக்கும், கேமராவுல இருந்து வெளிய வர்றப்ப ரெண்டு உருளை அதை நசுக்கி படம் பூரா தடவி விடும், அதனாலதான் அந்த தடிச்ச ஓரம். 1972ல வந்த எஸ்எக்ஸ்-70 போலராய்டு கேமராவோட போட்டோ அட்டை அகலம் 88 மில்லிமீட்டர், உயரம் 107, நடுவுல படம் 79க்கு 79. அப்ப பக்கத்துக்கு 4.5 மில்லி, மேலயும் கீழயும் சேத்து 28. இதை அப்படியே பிக்ஸலுக்கு கொண்டு வந்தா 1000க்கு 1000 சதுர போட்டோவுக்கு இடது வலது 57, மேல கீழ சேத்து 354. நான் மேல 75, மிச்சம் 279 கீழ குடுத்தேன், அச்சு அசல். ஆப்கள்ல வர்ற போலராய்டு ஃப்ரேம்ல இந்த கணக்கெல்லாம் பாக்கறதில்ல, கீழ் ஓரத்தை குட்டையா வெட்டி அது போலராய்டாவும் இல்லாம சாதாவாவும் இல்லாம அந்தரத்துல நிக்கும்.

கணக்கு போட்டு, மொத்தமா ஓட்டற ஒரு பேட்ச் டூல்ல 214ஐயும் தள்ளிட்டு டீ குடிக்க போயிட்டேன். வந்து பாத்தா நிமித்தி எடுத்த போட்டோ எல்லாத்துலயும் அந்த அகலமான ஓரம் பக்கவாட்டுல நிக்குது, எழுபது எண்பது போட்டோ தலையணை சாஞ்ச மாதிரி. விஷயம் என்னன்னா போனை நிமித்தி பிடிச்சு எடுத்தாலும் நெறைய போன் படத்தை படுத்தாப்பலயே சேவ் பண்ணிட்டு, "காட்றப்ப திருப்பி காட்டு"ன்னு உள்ள ஒரு சீட்டு மட்டும் எழுதி வெக்கும். நம்ம கண்ணுக்கு நிமிந்து தெரியும், டூலுக்கு அது படுத்த படம், கீழன்னு அது நெனக்கற இடத்துல ஓரத்தை போட்டுரும், அப்புறம் அந்த சீட்டை படிச்சு ஓரத்தோட சேத்து திருப்பும். தப்பு என்னுதுதான், திருப்பற ஸ்டெப்பை முதல்ல வெச்சிருக்கணும். அதைவிட பெரிய முட்டாள்தனம் அவுட்புட் ஃபோல்டரை மாத்தாம ஒரிஜினல் மேலயே எழுத விட்டது. அக்கா அனுப்பின ஃபோல்டர் மெயில்ல அப்படியே இருந்ததால உயிர் தப்பிச்சேன், இல்லன்னா இந்த ரிவ்யூ எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ரெண்டாவது ரவுண்டுக்கு எக்ஸ்என்கன்வர்ட் எடுத்தேன், வீட்டு உபயோகத்துக்கு இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். இதுல ஆக்‌ஷன்களை வரிசையா அடுக்கலாம், அந்த வரிசைதான் எல்லாம். என் வரிசை இது: முதல்ல ஆட்டோ ரொட்டேட், அடுத்து ரீசைஸ், கடைசில பார்டர். ரீசைஸ் ஏன் நடுவுலன்னா, அக்கா ஃபோல்டர்ல புது போன் போட்டோ 4000 பிக்ஸல், யாரோ எப்பவோ ஃபார்வர்டு பண்ணது 1280, ரெண்டுக்கும் ஒரே 60 பிக்ஸல் குடுத்தா ஒண்ணுல மீசை ஒண்ணுல தாடி. எல்லாத்தையும் ஒரே அளவுக்கு கொண்டு வந்துட்டு பார்டர் போட்டா ஆல்பம் பூரா ஒரே தடிமன். ஃபோல்டர் வேற, பேர் வேறன்னு கவனமா குடுத்தேன், ஒரு ஏழெட்டு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது. மூஞ்சி பழசு, பட்டன் எல்லாம் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, ஆனா வேலைக்காரன். 5க்கு 5, யோசிக்கவே இல்ல. விண்டோஸ் மட்டும்னா இர்ஃபான்வியூவும் இருக்கு, 1996லேர்ந்து இருக்கற குட்டி சாப்ட்வேர், இமேஜ் மெனுலயே பார்டர் இருக்கு, பழைய மெஷின்லயும் சிட்டா பறக்கும்.

போன்லதான் பண்ணுவேன்னு அடம் பிடிக்கறவங்களுக்கு ஸ்னாப்சீடு. ஆனா அதுல ஃப்ரேம்ஸ்குள்ள போகாதீங்க, எக்ஸ்பாண்ட்னு ஒரு டூல் இருக்கு அதை எடுத்து வெள்ளையோ கருப்போ செலக்ட் பண்ணி ஓரத்தை இழுங்க, காகிதம் வெளிப்பக்கம் விரியும். விரலால இழுக்கறதால நாலு பக்கமும் துல்லியமா ஒரே அளவு வராது, ஒண்ணு ரெண்டு போட்டோக்கு ஓகே.

பூ, கொடி, டிசைன் ஃப்ரேம் நெட்ல தேடி எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. நடுவுல ஓட்டை உள்ள பிஎன்ஜி வேணும், அப்பதான் ஃப்ரேமை மேல் லேயர்ல வெச்சு போட்டோவை அடியில தள்ள முடியும். பாதி சைட்ல பிஎன்ஜின்னு சொல்லிட்டு, ஓட்டை இருக்கற இடத்தை காட்டறதுக்கு வருமே அந்த சாம்பல் வெள்ளை கட்டம், அதையே படமா வரைஞ்சு வெச்சிருக்கான். இறக்கி போட்டா போட்டோ மேல செஸ் போர்டு வந்து உக்காருது. தேடல்ல சின்னதா தெரியறப்பவே கட்டம் தெரிஞ்சா பெரும்பாலும் போலி, தொறந்தப்புறம் கட்டம் வந்தாதான் நெசம்.

கலர் விஷயத்துல என் டேஸ்ட் சொல்லிடறேன், ஒத்துக்காதவங்க ஒத்துக்காதீங்க. கருப்பு பார்டர் போட்டா அதே போட்டோ கொஞ்சம் வெளிச்சமா தெரியும், வெள்ளை போட்டா கொஞ்சம் இருண்டு தெரியும், படம் மாறல, கண்ணு பக்கத்துல இருக்கறதோட ஒப்பிட்டு ஏமாறுது. அதனால ராத்திரி எடுத்த போட்டோக்கு கருப்பு, வெயில்ல எடுத்ததுக்கு வெள்ளை. கலர் வேணும்னே ஆசையா இருந்தா ஐட்ராப்பரை எடுத்து போட்டோக்குள்ள இருக்கற ஒரு கலரையே தொட்டு எடுங்க, சட்டையோ செடியோ செவுரோ, அது எப்படியும் ஒட்டிக்கும்.

கடைசி அடி பிரிண்ட்ல விழுந்துச்சு. முதல் பத்து போட்டோ 20 பிக்ஸல் பார்டரோட பிரிண்டுக்கு குடுத்தேன், வந்தது ஒரு பக்கம் ரெண்டு மில்லி வெள்ளை, எதிர் பக்கம் ஒண்ணுமே இல்ல. விளிம்பில்லாம பிரிண்ட் போடறப்ப மெஷின் படத்தை லேசா பெருசாக்கி ஓரத்தை வெட்டும், மெல்லிசு பார்டர் அந்த வெட்டுக்கு தாங்காது. அதோட போன் போட்டோ 4க்கு 3, 4×6 பேப்பர் 3க்கு 2, ரெண்டும் பொருந்தாம எப்படியும் எதையாவது வெட்டுவாங்க. இங்கதான் பார்டர் அலங்காரம்ங்கறதை தாண்டி உண்மையிலயே உதவுது. 300 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி கணக்குல, 4×6னா 1800க்கு 1200 பிக்ஸல். போட்டோவை 1440க்கு 1080 ஆக்கி அந்த 1800க்கு 1200 வெள்ளை காகிதத்துல நடுவுல வெச்சேன், மேல கீழ 60, பக்கத்துல 180. 60 பிக்ஸல்னா பேப்பர்ல அஞ்சு மில்லி, மெஷின் ஒண்ணு ரெண்டு மில்லி கடிச்சாலும் கண்ணுக்கு தெரியல, எந்த தலையும் போகல.

சித்தி போட்டோவையும் இப்படியே வெள்ளை பார்டர், நியெப்ஸ் கோடு எல்லாம் போட்டு பிரிண்ட் எடுத்து கைல குடுத்தேன். முழங்கை இருக்கு, ஹேண்ட்பேக் இருக்கு, மாமாவுக்கு ரெண்டு காதும் இருக்கு. சித்தி திருப்பி திருப்பி பாத்துட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா அன்னிக்கு அனுப்பினியே ரோஜாப்பூ, அது எங்க?"ன்னாங்க. அக்கா பக்கத்துல இருந்து சிரிக்கறா. இப்ப ஜிம்ப்ல உக்காந்து பக்கத்துக்கு 400 பிக்ஸல் காகிதத்தை பெருசாக்கி, ஓட்டை உள்ள ஒரு ரோஜா பிஎன்ஜி தேடிப் பிடிச்சு அந்த 400குள்ளயே பூ நிக்கற மாதிரி இழுத்துட்டு இருக்கேன், மேல் இடது மூலைல ஒரு இலை மட்டும் இன்னும் சித்தி தோள்ல உரசுது.